கடித்து வைத்த ரொட்டி

ஓய்வெடுக்கத்தான் போனோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாரும் "அந்த மாதிரி இடத்துக்கு எதுக்குப் போனீங்க?" என்று என்னையே குறை சொல்கிறார்கள். எந்த மாதிரி இடம் என்று வாசலில் எழுதியா வைத்திருந்தார்கள்? அங்கே மாட்டியிருந்த பலகையில் தங்க நிற நட்சத்திரங்கள்தான் இருந்தன.

என் மாமியார் இறந்து ஓராண்டுச் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. அதற்கு முன் அவர் படுக்கையில் கிடந்த காலம் தனி. தூக்கி, கழுவி, ஊட்டி, திட்டு வாங்கி, அதெல்லாம் முடிந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் புலாவ் கிண்டி, என் தோள்பட்டை இரண்டும் எனக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பு எடுக்கும்போதே கரும்பலகையில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவேன்.

என் கணவர் இஸ்தமின் களைப்பு வேறு விதம். சிமென்ட் ஆலையில் சூளை மேற்பார்வையாளர், ஆறடி ஆள், மூட்டையை ஒற்றைக் கையால் புரட்டுவார். அம்மா போனதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்க அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்பார். எனக்கு இந்த மனிதர் திரும்ப வேண்டும் என்று இருந்தது. வீட்டில் நானும் அவரும் மட்டும், காலையில் சேர்ந்து எழுந்து, சேர்ந்து தேநீர் குடித்து. கல்யாணமாகிக் கால் நூற்றாண்டில் அது ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

சியோலில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜமிரா, போனில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ரெண்டு பேரும் வேகவச்ச முள்ளங்கி மாதிரி இருக்கீங்க" என்றாள். "புகாராவுல ஒரு நல்ல ஹோட்டல்ல ரூம் போட்டுட்டேன். ரெண்டு நாள் போய்ப் படுங்க. சமைக்கக் கூடாது, பெருக்கக் கூடாது, சொந்தக்காரங்க யாருக்கும் வந்திருக்கோம்னு சொல்லக் கூடாது."

எங்கள் ஊரான நவோயிலிருந்து டாக்சியில் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. பிப்ரவரி மாதம். வானம் அழுக்குப் பஞ்சு போலத் தாழ்ந்து கிடந்தது. கார் நுழையாத சந்து, இரண்டு பக்கமும் மண் சுவர், நடுவே பித்தளைக் குமிழ்கள் பதித்த ஒரு கதவு. எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரியின் மாளிகையாக இருந்து, இப்போது ஹோட்டல். உள்ளே முற்றம், செதுக்கிய மரத்தூண்கள், பனி மூடிய மாதுளைச் செடி. வெயில் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் அடித்துப் பிடித்து இடம் வாங்குவார்களாம். அன்று எங்களைத் தவிர ஈ, காக்கை இல்லை.

சாவியோடு வந்தவள் பெயர் ஹோசியத். என் வயதுதான் இருக்கும். குளிர்காலத்தில் அறை சுத்தம் செய்வது முதல் சமையல் வரை எல்லாமே அவள்தான்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. உங்க பொண்ணு இருக்கிறதுலயே பெரிய ரூமாப் போட்டிருக்கு. குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள்.

பெரிய அறைதான். கூரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பூ வேலை. சுவரில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்பு மாடங்கள், அவற்றில் நீலப் பீங்கான்கள். கட்டிலில் எங்கள் குடும்பமே படுக்கலாம். ஜன்னலோரம் ஒரு தாழ்ந்த மரமேடை, அதில் பஞ்சு மெத்தையும் குட்டி மேஜையும். எல்லாம் புதிதாகப் பளபளத்தாலும் அந்த அறையில் ஒரு பழைய வாசனை இருந்தது. இஸ்ரிக் புகையின் வாசனை. திருஷ்டி கழிக்கக் குழந்தைகளைச் சுற்றிப் போடுவோமே, அதே காய்ந்த செடியின் கசப்புப் புகை. யாரோ சற்று முன்தான் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இஸ்தம் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரையில் ஏதோ கிடந்தது. குனிந்தார். விரல் நுனி அளவு ரொட்டித் துண்டு.

அந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மிதித்திருப்பார், அல்லது குப்பையில் போட்டிருப்பார், நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். எங்களால் அது முடியாது. தரையில் கிடக்கும் ரொட்டியை எடுத்து, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே கை கற்றுக்கொண்ட பழக்கம். இஸ்தம் யோசிக்கவே இல்லை. எடுத்தார், முத்தமிட்டார், நெற்றியில் வைத்தார், வாயில் போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

கூரைக்குச் சற்றுக் கீழே, மற்ற மாடங்களிலிருந்து தள்ளி, ஒரு சின்ன மாடம். அதில் ஆணி. ஆணியில் ஒரு வட்ட ரொட்டி தொங்கியது. காய்ந்து, கறுத்து, நடுவில் சுடுமுன் குத்திய முத்திரைப் புள்ளிகளோடு. ஓரத்தில் ஒரு வாய் கடிக்கப்பட்டிருந்தது.

வீட்டை விட்டு நெடுந்தூரம் போகிறவர்கள் எங்களிடம் இப்படித்தான் செய்வார்கள். கிளம்பும் முன் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போக வேண்டும். மீதியைச் சுவரில் மாட்டி வைப்போம். போனவர் திரும்பி வந்து அதைத் தின்று முடிப்பார். அவர் மட்டும்தான் தின்னலாம். ஜமிரா கடித்த ரொட்டி எங்கள் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. அவள் பல் தடத்தைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் பாத்திரம் கழுவுகிறேன்.

"என்னங்க, அது யாரோ கடிச்சு வச்ச ரொட்டிங்க."

"அலங்காரத்துக்கு மாட்டியிருப்பாங்க, விடு."

"அதுலேர்ந்துதான் உதிர்ந்திருக்கு. கல்லு மாதிரி இருந்திருக்குமே, பல்லு என்னத்துக்கு ஆகும்?"

அவர் மென்றுகொண்டே நின்றார். முகத்தில் ஒரு குழப்பம்.

"இல்ல," என்றார் மெதுவாக. "சூடா இருக்கு."

அதன் பிறகு அவர் அந்தப் பெரிய கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலோர மெத்தைக்குப் போய், கால்களை மடக்கிச் சுருண்டு படுத்தார். படுத்தவுடன் தூங்கிவிட்டார். ஓர் ஆண்டாகக் கேட்காத குறட்டை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஜமிராவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, செம்புத் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, விரல் நுனி சுருங்கும்வரை கிடந்தேன்.

வெளியே வந்தபோது அவர்மேல் ஒரு ரஜாய் போர்த்தியிருந்தது. துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த பழைய ரஜாய். கழுத்து வரை இழுத்து, பக்கவாட்டில் செருகி, காற்று புகாதபடி. ஹோசியத் வந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். குட்டி மேஜையில் தேநீர்க் குடுவையும் இரண்டு கிண்ணங்களும் இருந்தன. ஊற்றியே வைத்திருந்தது. அவர் பக்கத்துக் கிண்ணத்தில் இரண்டு மடக்கு.

என் பக்கத்துக் கிண்ணத்தில் விளிம்பு தொட, தளும்பத் தளும்ப.

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இது தெரியும். இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவருக்குக் கொஞ்சமாக ஊற்றுவோம். குடிக்கக் குடிக்க மறுபடி ஊற்றுவோம். நிரம்ப ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். யாரும் யாருக்கும் வாயால் சொல்லத் தேவையில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரை உலுக்கினேன்.

"ஏங்க, என்னைக் கிளம்பச் சொல்றீங்களா? இப்பத்தானே வந்தோம்?"

"ம்?"

"டீ ஊத்தியிருக்கிற லட்சணத்தைப் பாருங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நான் எங்க ஊத்தினேன்? அம்மா ஊத்தியிருப்பா."

தூக்கத்தில் உளறல் என்று விட்டுவிட்டேன். அம்மாவை நினைத்துக்கொண்டே தூங்கினால் அப்படித்தான். கிண்ணத்தை எடுத்துப் போய்த் தேநீரைக் கழுவும் தொட்டியில் கொட்டி, வெறும் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுத் துண்டால் தலையைத் துவட்டினேன். துவட்டி முடித்து நிமிர்ந்தேன்.

கிண்ணம் மறுபடி தளும்பிக்கொண்டிருந்தது.

யாரோ இப்போதுதான் ஊற்றிய மாதிரி, மேல்பரப்பு இன்னும் ஆடியது.

பேய்க் கதை என்றால் அடுத்து நள்ளிரவில் ஏதாவது நடக்க வேண்டும். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. தொட்டியில் கொட்டியதாக நினைத்தேன், கொட்டவில்லை போல என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அத்தனை களைப்பு. பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். சாப்பாடுகூட வேண்டாமென்று கட்டிலில் விழுந்து செத்த பிணமாகத் தூங்கினேன்.

விடிந்து, ஜன்னல் சட்டங்களில் பனி வெளிச்சம் வந்த பிறகே எழுந்தேன். இஸ்தம் மெத்தையில் அதே மாதிரி சுருண்டு கிடந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். அவருடைய நரைத்த தலைமுடிக்கு எண்ணெய் தடவியிருந்தது. படிய வாரி, பக்கவாட்டில் நேராக வகிடு எடுத்திருந்தது, பள்ளிக்கூடம் போகும் பையனுக்கு எடுப்பதைப் போல. இந்த மனிதர் கல்யாணத்தன்றுகூட வகிடு எடுத்தவரில்லை.

"எந்திரிங்க, சாப்பிடப் போகலாம்."

"சாப்பிட்டாச்சு" என்றார். உதட்டோரம் பாலாடை காய்ந்திருந்தது.

"யாரு குடுத்தா?"

"அம்மா."

"உங்கம்மாவை மண்ணுல வச்சுட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சுங்க." அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எந்திரிங்க. என்னைப் பயமுறுத்தாதீங்க."

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை, குறும்பில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போன்ற ஒரு மரியாதை.

"நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

முற்றத்தைக் கடந்து சமையலறைக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. காலில் செருப்பில்லை என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. ஹோசியத் அடுப்பில் சூப் கிளறிக்கொண்டிருந்தாள். கூடையில் சுடச்சுட ரொட்டிகள்.

"ஹோசியத், நேத்து எங்க ரூமுக்கு டீ கொண்டு வந்தியா?"

"இல்லையேக்கா. தூங்கட்டும்னு எட்டியே பார்க்கல."

"ரஜாய்?"

"என்ன ரஜாய்?"

"அந்த ரொட்டி யாருதும்மா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, என்னை உட்கார வைத்து, என் கால்மேல் தன் சால்வையைப் போர்த்தினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"இது பல குடும்பம் குடியிருந்த வீடுக்கா. ஆட்சி மாறினப்போ வியாபாரியைத் துரத்திட்டு, ரூம் ரூமாப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. அந்த ரூம்ல ஒரு விதவை, ஒரே மகன். பேரு துர்சுன். முன்னாடி பிறந்த பிள்ளைங்கள்லாம் செத்துப்போயி, இதுவாவது இருக்கட்டும்னு வச்ச பேரு. பெரிய யுத்தத்துக்கு அவனையும் கூட்டிட்டுப் போனாங்க. கடிச்சு வச்சுட்டுப் போன ரொட்டிதான் அது. சாவுச் சேதியும் வரல, ஆளும் வரல. அந்தம்மா சாகுற வரைக்கும் யாரையும் அது கிட்டக்க விடலையாம்."

"எடுத்துப் புதைச்சிருக்கலாமே?"

"யாருக்கா கை வைப்பா? அடுத்தவன் கடிச்ச ரொட்டி, அவன் எங்க இருக்கான்னே தெரியாது. வீட்டைப் புதுப்பிக்கிறப்ப மேஸ்திரிங்க சுவரையே இடிச்சாங்க, அந்த மாடத்தை மட்டும் சுத்திக்கிட்டுப் போனாங்க. முதலாளியும் போனாப் போகுதுன்னு விட்டுட்டார். வெள்ளைக்காரங்க போட்டோ எடுப்பாங்க. இத்தனை வருஷத்துல ஒரு துளி உதிர்ந்ததில்ல."

"நேத்து உதிர்ந்தது. எங்க வீட்டுக்காரர் எடுத்து வாயில போட்டுட்டார்."

ஹோசியத் அடுப்பைத் தணித்தாள். பிறகு, "அண்ணாவுக்கு அம்மா இருக்காங்களா?" என்றாள்.

"போய்ட்டாங்க."

"அதான்" என்றாள்.

அவ்வளவுதான். அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஓதுகிறவர் யாரையாவது கூப்பிடலாமா என்றாள். பனியில் யார் வரப்போகிறார்கள்? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது, அலுப்பில் வந்தது.

"ஒரு மாமியாரை இப்பத்தான் கரையேத்திட்டு வந்தேன் ஹோசியத். இன்னொண்ணா?"

ஹோசியத் களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி வந்தது. மாமியார். அதுதானே விஷயம்? மந்திரம், தந்திரம் எனக்குத் தெரியாது. மாமியார் எனக்குத் தெரியும். அதில் கால் நூற்றாண்டு அனுபவம். மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சண்டைக்குப் போனால் எந்த மாமியாரும் விட மாட்டாள். அவளே அனுப்பி வைக்கும்படி செய்ய வேண்டும். கூடையிலிருந்து நன்றாக வெந்த ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அறைக் கதவைத் திறந்தபோது புகை வாசனை மூக்கில் அடித்தது. புகை இல்லை, வாசனை மட்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் சட்டங்கள் வழியாகச் சாம்பல் வெளிச்சம்.

இஸ்தம் மல்லாந்து படுத்திருந்தார். உடம்பு மெத்தையில் இருந்தது.

தலை மெத்தையில் இல்லை.

ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், அவர் தலை நின்றது. மடியில் வைத்த தலை போல.

அவருடைய தலைமுடி அசைந்தது. நெற்றியிலிருந்து பின்னோக்கி, மெதுவாக, ஒரு கோடு. மறுபடி நெற்றியிலிருந்து. மறுபடி.

ஓடிவிடலாம். ஓடினால் அவர் இங்கேதான். நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஒரு அடி வைத்து, புதுப்பெண் மாமியாருக்கு வணக்கம் வைப்பது போல, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தேன். நிமிர்ந்து மறுபடி குனிந்தேன். இடுப்பு எலும்பு கடகடத்தது.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றேன். "புள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்க. என்கிட்ட இருந்தப்ப ஒரு நாள் தூங்கலம்மா. நீங்க கை வச்சதும் தூங்கிட்டாரு. எங்க கைக்கு அந்த ராசி இல்ல."

முடி அசைவது நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. எந்த மாமியார்தான் இதைக் கேட்க மாட்டாள்?

"ஆம்பளைன்னா நாலு இடத்துக்குப் போக வேண்டியிருக்கு. போகாம இருந்தா ஊரு சிரிக்கும். வேலைக்குப் போகணும்மா இவரு. நீங்க ஆசையா அனுப்பி வச்சா நல்லபடியாப் போயிட்டு வருவாரு."

கை நின்றுவிட்டது.

அறையில் குளிர் இறங்கியது. என் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குமேல் நான் திட்டம் போட்டு வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. என்னையறியாமல் வேறு ஒன்று வாயில் வந்தது.

"என் வீட்லயும் ஒண்ணு தொங்குதும்மா. என் பொண்ணு கடிச்சது. எப்ப வருவான்னு தெரியாது. வர்றேன், வர்றேன்னு போன்ல சொல்றா. ஒவ்வொரு நாளும் அந்தப் பல் தடத்தைப் பாத்துட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். உங்க அளவுக்கு நான் காத்திருந்ததில்ல. ஆனா அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." நான் அழுதுகொண்டிருந்தேன். "எனக்கு இவரு ஒருத்தர்தாம்மா இங்க இருக்காரு."

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பனி விழும் சத்தம்கூடக் கேட்பது போல இருந்தது.

பிறகு ஒரு பெருமூச்சு. என்னுடையது இல்லை. இஸ்தமுடையதும் இல்லை.

அவர் தலை தொப்பென்று மெத்தையில் விழுந்தது. மடியிலிருந்து யாரோ எழுந்த மாதிரி.

"ஆ! என்னடி?" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் என்னை "டி" போட்டுக் கூப்பிட்டது அன்று எனக்கு இனித்தது. கேள்வி கேட்க விடாமல் ரொட்டியை அவர் வாயருகே நீட்டினேன்.

"கடிங்க."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. ஜமிராப்பா, உங்க காலைப் பிடிக்கிறேன், ஒரே ஒரு வாய் கடிங்க."

கடித்தார். நான் மேடைமேல் ஏறி மாடத்தை எட்டினேன். பழைய ரொட்டி அங்கே இல்லை. ஆணி மட்டும் இருந்தது, கீழே ஒரு துகள் இல்லை. போனவன் வந்துதான் தின்று முடிக்க வேண்டும். இஸ்தம் முடித்துவிட்டிருந்தார். எப்போது, எந்த நேரத்தில் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. புது ரொட்டியை அதே ஆணியில் மாட்டினேன். "திரும்ப வருவாரும்மா" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாமல் எந்தத் தாயும் மகனை வழியனுப்ப மாட்டாள்.

பெட்டியைக்கூடச் சரியாக மூடாமல் கிளம்பினோம். ஹோசியத் சந்து முனை வரை குடை பிடித்து வந்தாள். டாக்சியில் இஸ்தம் வழி முழுக்க முணுமுணுத்தார்.

"அருமையாத் தூங்கினேன். இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கே, என்ன அவசரம்?"

"பழகின கட்டில் இல்லாம முதுகு வலிக்குது."

"பொண்ணு ஆசையாப் போட்டுக் குடுத்தா உனக்கு முதுகு வலிக்கும்."

"ஆமா, வலிக்கும். பேசாம வாங்க."

அவருக்கு எதுவும் நினைவில்லை. தலையில் எண்ணெய் எப்படி வந்தது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். ஹோட்டல் ஷாம்பு என்றேன். என்னை யாரென்று தெரிந்துகொண்டு, என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே, அது போதும்.

நவோயில் எங்கள் நாலாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இஸ்தம் போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் பெட்டியை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றும்போதே போன் அடித்தது. ஹோசியத்.

"அக்கா, நல்லபடியாப் போய்ச் சேர்ந்தீங்களா?"

"சேர்ந்தாச்சும்மா. உனக்குத்தான் எவ்வளவு சிரமம்."

"அது இல்லக்கா." அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரூம் சுத்தம் பண்ணப் போனேன். அண்ணா அந்த ரொட்டியை எத்தனை வாய் கடிச்சாரு?"

"ஒண்ணு. ஏன்?"

"ரெண்டு கடி இருக்கு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஒண்ணு பெரிய கடி. நல்லாப் பல்லு பதிஞ்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. சின்னது. பல் தடமே இல்லக்கா. ஈறால அமுக்கி, இழுத்துப் பிச்ச மாதிரி." மூச்சு வாங்கினாள். "இந்த ரூம் எப்பவும் கதகதன்னு இருக்கும். ஹீட்டர் போடாட்டிக்கூட. இப்ப குளிருதுக்கா. யாருமே இல்லாத வீடு மாதிரி குளிருது."

வீட்டை விட்டு நெடுந்தூரம் போகிறவர்கள்தான் ரொட்டியைக் கடித்துவிட்டுப் போவார்கள்.

போனை வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன். கதவு சாத்தித்தான் இருந்தது. கால்மிதியில் இஸ்தமின் காலணிகள், என் காலணிகள், உள்ளே வந்தபோது கழற்றிப் போட்ட அவசரத்திலேயே கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. கிழவிகள் அந்தக் காலத்தில் தோல் காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்ட சின்ன ரப்பர் செருப்புகள். முனையில் பனி ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுச் சூட்டில் அது உருகவில்லை.

எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு அசதி. விருந்தாளிகள் உள்ளே இருக்கும்போது அவர்கள் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது எங்களிடம் மருமகளின் வேலை. கிளம்பும்போது அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போகலாம். கிளம்பலாம் என்று பணிவாகச் சொல்வதும் அதுதான். நான் குனிந்து அந்த ஜோடியை எடுத்தேன். விரல்கள் மரத்தன. அதை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். பிறகு அடுக்களைக்குப் போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன், வேறென்ன செய்ய?

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. இஸ்தம் யாரிடமோ தணிந்த குரலில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

நான் வாசலுக்கு வந்தேன். ரப்பர் செருப்புகள் வீட்டுக்குள் பார்த்துத் திரும்பியிருந்தன. அவற்றை ஒட்டி இஸ்தமின் காலணிகள், அவையும் உள்ளே பார்த்தபடி, ஒழுங்காக ஜோடி சேர்ந்து இருந்தன.

என்னுடையவை மட்டும் துடைத்து, கயிறு தளர்த்தி, வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.